கல்யாண வீட்டுக்குக் கேமராவோடு வருகிறவர்களுக்கு

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் நடக்கும் கோடைக் கல்யாணங்களைப் படமெடுக்க வரும் புகைப்படக் கலைஞர்களே, வீடியோ எடுப்பவர்களே, டிரோன் பறக்கவிடும் தம்பிகளே, தோளில் இரண்டு கேமரா மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கும் தங்கைகளே,

சித்திரை பிறந்துவிட்டால் நாட்டரசன்கோட்டைத் தெருக்களில் வெளியூர் வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த வீடுகளில் ஒட்டடை அடிப்பார்கள், கதவுக் குமிழ்களைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள், கிணற்றுக்குப் புது மோட்டார் இறக்குவார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் உறவுகள் வந்து சேரும். அவர்களுக்குப் பின்னாலேயே நீங்களும் வருவீர்கள். நான் இந்தப் பக்கத்துக் கல்யாணங்களைப் படமெடுத்தே பிழைத்தவன். பிலிம் சுருள் காலத்தில் தொடங்கி உங்கள் காலம் வரைக்கும் வந்திருக்கிறேன். உங்கள் கருவிகளையும் கையில் இருக்கும் வேகத்தையும் பார்க்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. குத்துவிளக்கு வெளிச்சத்தில்கூட முகம் தெளிவாக விழுகிறது. எங்கள் காலத்தில் அதற்கு வழியே இல்லை.

ஆனாலும் உங்கள் ஆல்பங்களைப் புரட்டும்போது ஒரு குறை தட்டுகிறது. தூண் இருக்கிறது, தூணில் சாய்ந்த பெண் இருக்கிறாள். கதவு இருக்கிறது, கதவுக்கு முன்னால் மாப்பிள்ளை இருக்கிறார். அடுத்த வாரம் வேறொரு ஜோடியை அதே இடத்தில் நிறுத்தி எடுத்தாலும் அதே ஆல்பம்தான் வரும். பெண்ணின் அப்பத்தா எங்கே உட்கார்ந்திருந்தார், தாலியான கழுத்திரு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கல்யாண ஆவணமான இசைகுடிமானத்தில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று தேடினால் ஒரு படம் கிடைப்பதில்லை. இந்த வீட்டில் நடக்கிற கல்யாணத்தை எடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொண்டுவிற்கப் போன நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்து 1940கள் வரைக்கும் இந்த வீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் கப்பலில் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று கேட்டால், கல்யாணத்துக்கு என்பதே பாதி விடை. தெருவில் இருந்து பார்த்தால் முகப்பு. உள்ளே ஏறினால் வந்தவர்கள் உட்காரும் பட்டாலை. அதைத் தாண்டி வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். மகனுக்கு ஓர் அறை என்பது கணக்கு. கல்யாணமான மகனுக்குத் தனி அடுப்பு போட்டுக் கொடுத்து வேறு வைப்பார்கள். வீடு ஒன்றுதான், சமையல் வேறு. வளவுக்குப் பின்னால் இரண்டாம் கட்டில் பந்தி, அதற்கும் பின்னால் அடுப்படி. முன்வாசல் நிலையில் நின்று பார்த்தால் பின்வாசல் வரைக்கும் கண் தடங்கல் இல்லாமல் போகும். கல்யாணத்தின் ஒவ்வொரு சடங்குக்கும் இந்த நேர்கோட்டில் ஓர் இடம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவது ஓரிடம், பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான் பரப்புவது ஓரிடம், ஆண்கள் எழுத்து வேலை பார்ப்பது ஓரிடம், தாலி கட்டித் திருப்பூட்டுவது ஓரிடம். இது தெரியாமல் வந்தால் எல்லாச் சடங்குக்கும் நீங்கள் ஒரே தூணுக்குப் பக்கத்தில்தான் நிற்பீர்கள்.

இதை யாரிடம் கேட்பது? இவென்ட் மேனேஜர் கையில் இருக்கும் நிமிடக் கணக்குத் தாளில் இது இருக்காது. முதல் நாள் மாலை நேரத்தோடு வந்து, வீட்டில் மூத்த ஆச்சி யார் என்று விசாரித்து, செருப்பை முகப்பிலேயே விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். “ஆச்சி, நாளைக்கு என்னென்ன, எங்கெங்க?” என்று கேட்டால் போதும். அவர் மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கி, பெண் சொல்லிக்கொண்டு கிளம்புவது வரைக்கும் வரிசை பிசகாமல் சொல்லிவிடுவார். நடுநடுவே எந்த அயித்தைக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதும் வந்து விழும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், குரூப் போட்டோ எடுக்கும்போது உதவும்.

ஒரு கோடைக் கல்யாணத்தில் உங்களுக்கு முதலில் எதிரே நிற்பது வெயில். எங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில், உச்சிப்பொழுதுக்கு சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து நிற்கும். வளவில் ஒரு கம்பை நட்டால் நிழல் விழாது. அதற்குப் பிறகு ஆவணி வரைக்கும் உச்சிச் சூரியன் லேசாக வடக்கே சாய்ந்தே இருக்கும். அந்த நேரத்தில் பெண்ணை வளவின் நடுவில் நிறுத்தினால் கண் இரண்டும் குழிக்குள் போய்விடும், மூக்குத்தியின் நிழல் உதட்டில் விழும். ரிஃப்ளெக்டரைக் காட்டினால் வெயிலில் கண்ணைச் சுருக்குவாள். அப்போது தாழ்வாரத்துக்கு வாருங்கள். வளவுத் தரையில் பட்ட வெயில் தாழ்வாரத்துக்குள் கீழிருந்து மேலாக ஏறி வரும். எதிர்ச்சுவரின் வெள்ளைப் பூச்சு அதை இன்னொரு முறை திருப்பி அனுப்பும். வளவின் விளிம்பில் இருந்து ஓர் ஆள் நீளம் உள்ளே தள்ளி, முகம் வளவைப் பார்க்கும்படி உட்காரவைத்தால் வேறு எந்த விளக்கும் வேண்டியதில்லை.

காலை ஏழு மணி ஒளிக்கு ஈடு எதுவும் கிடையாது. வெயில் மேற்குப் பக்கத்து ஓட்டின் மேலே மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், கீழே முழுக்க வானத்தின் ஒளி. பட்டின் நிறம் உள்ளபடி விழுவது அப்போதுதான். மணி ஒன்பதைத் தாண்டினால் வளவில் பாதி வெயில், பாதி நிழல் என்று ஆகிவிடும். மாப்பிள்ளை முகம் வெளுத்தும் பெண் முகம் கறுத்தும் போவது அங்கேதான். அதற்கு மருந்து முதல் நாளே செய்ய வேண்டியது. வளவுக்கு மேலே கட்டும் பந்தல் துணி என்ன நிறம் என்று பந்தல்காரரிடம் கேளுங்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த ஷாமியானா கட்டிவிட்டால் அதற்குக் கீழே இருக்கிற அத்தனை முகங்களும் அந்த நிறம் பூசிக்கொள்ளும். கணினியில் உட்கார்ந்து ஒரு வாரம் திருத்தினாலும் முழுசாகப் போகாது. வெள்ளைத் துணி கட்டச் சொல்லுங்கள். வானமே உங்களுக்கு ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ் ஆகிவிடும். வீட்டாருக்கும் வெப்பம் குறையும், உங்கள் கேமராவும் சூடேறி நிற்காது.

வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பச்சையும் நீலமுமாகத் தரையில் விழும் ஒளி பார்க்க அழகு. அதையே மணப்பெண்ணின் கன்னத்தில் விழவிட்டால் அவளுடைய ஆத்தா ஆல்பத்தை மூடிவிடுவார். மெருகேற்றிய தேக்குத் தூணும் பளபளக்கும் சுவரும் ஃப்ளாஷை அப்படியே திருப்பி அடிக்கும். நிலைக்கண்ணாடிகள் இருக்கிற பட்டாலையில் நீங்களே எல்லாப் படத்திலும் வந்து நிற்பீர்கள். வீட்டை ஒரு சுற்று சுற்றிவந்து, எந்தக் கண்ணாடி எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு பையைத் திறங்கள்.

இனி கல்யாணம். நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒவ்வொரு குடும்பமும் இவற்றில் ஏதோ ஒரு கோயிலைச் சேர்ந்தது. கல்யாணத்தன்று பெண் வீட்டுக் கோயிலில் இருந்தும் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலில் இருந்தும் மாலை வரும். அது வந்தால்தான் அந்தக் கல்யாணத்தைக் கோயில் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதற்குப் பிறகுதான் இந்த ஜோடி மாப்பிள்ளை வீட்டுக் கோயிலின் கணக்கில் ஒரு புள்ளி. மேடையில் தொங்குகிற மாலைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் கோயில் மாலை கண்ணுக்கே தெரியாது. சாதாரணப் பூமாலை. கொண்டுவருகிறவரும் கோயிலைச் சேர்ந்த ஒரு சாதாரண மனிதர். அவர் பையோடு முகப்பில் ஏறுகிற நேரத்தில் நீங்கள் எல்லாரும் பெண் அலங்காரம் நடக்கிற அறையில் இருப்பீர்கள். ஆல்பத்துக்கு ஒரே ஒரு படம்தான் எடுக்க முடியும் என்று யாராவது எனக்குக் கட்டளை போட்டால் நான் இந்த மாலை வாசலேறும் படத்தை எடுப்பேன். வீட்டுப் பெரியவர் எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

இசைகுடிமானமும் அப்படித்தான் தவறிப்போகிறது. ஒரு காலத்தில் ஓலையில் எழுதியது, இப்போது தாளில் எழுதுகிறார்கள். இன்ன ஊர், இன்ன கோயில், இன்னாருடைய மகனுக்கு இன்னாருடைய மகளை என்று இரு வீட்டாரும் எழுதிக் கையெழுத்திடுகிற ஆவணம். பட்டாலையில் நாலு ஆண்கள் குனிந்து உட்கார்ந்து எழுதுவதில் என்ன படம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். எழுதுகிற விரலை எடுங்கள், தோளுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்க்கிற அம்மானை எடுங்கள், எழுதி முடித்த தாளை எழுத்து வாசிக்கும்படி நேராக ஒரு படம் எடுங்கள். பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே தங்கள் கல்யாணத்தை எழுதிவைத்த மக்கள் இவர்கள்.

கழுத்திருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நகரத்தார் தாலிதான் கழுத்திரு. முப்பதுக்கும் மேற்பட்ட தங்க உருப்படிகள், மஞ்சள் கயிற்றில் இரண்டு சரமாகக் கோத்தது. நடுவில் இலட்சுமி உருவத்தோடு திருமாங்கல்யம், அதன் இரு பக்கமும் விரல்கள் நீட்டிய கைபோல ஏத்தனங்கள், அவற்றுக்கு மேலே வரிசையாக உருக்கள். இதைக் கோப்பதே ஒரு சடங்கு. கயிற்றைத் திரித்து, மஞ்சள் பூசி, ஒவ்வோர் உருப்படியாக எண்ணி எண்ணிக் கோப்பார்கள். எது எதற்குப் பிறகு வர வேண்டும் என்று வயதானவர்களுக்கு மனப்பாடம். இளையவர்கள் போனை வைத்துக்கொண்டு சரிபார்ப்பார்கள், பெரியவர்கள் பார்க்காமலே சரியாகச் சொல்வார்கள். இந்த ஒரு மணி நேரத்துக்கு 85 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு பேசாமல் ஒரு மூலையில் உட்காருங்கள். திருப்பூட்டுகிற நொடியை எல்லாரும் எடுத்துவிடுவார்கள், பத்து போன் நீட்டிக்கொண்டிருக்கும். கோக்கிற கைகளை யாரும் எடுப்பதில்லை. தினமும் அணிகிற நகையும் அல்ல இது. கல்யாணச் சடங்கெல்லாம் முடிந்ததும் பெட்டகத்துக்குள் போய்விடும். வாழ்க்கையில் மறுபடி அதை அணிவது பெரும்பாலும் அறுபதாம் கல்யாணத்தில்தான். அப்போது அந்தப் பெண், முதல் தடவை இதைக் கோத்தவர்களில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று உங்கள் படத்தில்தான் தேடிப் பார்ப்பாள்.

அடுப்படிக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். விடியற்காலை நாலு மணிக்கு வெள்ளைப் பணியாரத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். கந்தரப்பம் ஊற்றும் கையும், கவுனி அரிசி வேகும் அண்டாவும், ஓட்டுச் சந்தில் இருந்து புகைக்குள் இறங்கும் முதல் வெளிச்சமும் அங்கே இருக்கின்றன. மாஸ்டரின் பெயரையும் அவரோடு வந்த பெண்களின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணம் என்றால் அவர்களும்தான், நாதஸ்வரக்காரரும்தான், ஆண்டு முழுக்கச் சாவி வைத்துக்கொண்டு இந்த வீட்டுக்கு விளக்கேற்றுகிறவரும்தான்.

ஊரை எடுக்க நேரம் இருந்தால் கண்ணாத்தாள் கோயிலுக்குப் போங்கள். கண்ணுடைய நாயகி என்பது அம்மனின் முழுப்பெயர். கண் நோய் உள்ளவர்கள் கண்மலர் சாத்தி வேண்டிக்கொள்ளும் இடம். கண்ணை வைத்துப் பிழைக்கும் நம்மைப் போன்றவர்கள் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது என்பது என் நம்பிக்கை. தைப்பொங்கல் முடிந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை இந்தக் கோயிலுக்கு முன்னால் செவ்வாய்ப் பொங்கல் நடக்கும். நகரத்தார் புள்ளிகள் எங்கெங்கோ இருந்தெல்லாம் வந்து, சீட்டுப் போட்டு வரிசை எடுத்து, நூற்றுக்கணக்கில் பானை வைப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கிற வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச்சைத் தொடங்குவதும் அன்றைக்குத்தான். வைகாசியில் நீங்கள் எடுக்கும் கல்யாணத்தின் முதல் வார்த்தை தை மாதம் அந்தப் பானைகளுக்கு நடுவில் பேசப்பட்டதாக இருக்கலாம். ஒரு வருடம் தையிலும் வந்து பாருங்கள். ஊரின் மறுபக்கத்தில் கம்பர் சமாதி இருக்கிறது. அங்கே ஜோடிப் படம் வேண்டாம், அமைதியாகப் பார்த்துவிட்டு வரலாம்.

வீட்டுக்கு என்ன ஆகிறது என்பதையும் பேசியாக வேண்டும். கானாடுகாத்தானில் ஒரு தகப்பன் தன் மகளுக்குக் கட்டிக்கொடுத்த விசாலம் போன்ற சில வீடுகள் ஹோட்டலாகிவிட்டன. அங்கே இதைச் செய்யாதே, அதைத் தொடாதே என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். நாட்டரசன்கோட்டையில் குடும்பங்களின் கையில் இருக்கும் வீடுகளில் அப்படி யாரும் இல்லை. கல்யாண அவசரத்தில் வீட்டுக்காரர் எதற்கும் தலையாட்டிவிடுவார். 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றபோது நாங்கள் எல்லாரும் பெருமைப்பட்டோம். பட்டியல் வந்து சுவரைக் காப்பாற்றாது, அந்தந்த நாளில் அந்த வீட்டுக்குள் இருப்பவர்தான் காப்பாற்ற வேண்டும்.

சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் எல்லாம் சேர்த்து அரைத்து, அடுக்கடுக்காகப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் இது. நூறு வருடமாகியும் கையை வைத்தால் குளிர்கிறது. அதில் பூ அலங்காரத்துக்கு இரட்டைப் பக்க டேப் ஒட்டி, மறுநாள் பிய்த்து எடுக்கும்போது ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தோலோடு வந்துவிடுகிறது. அதே பூச்சைப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகச் சிலர். புகைக் குப்பியின் வண்ணம் சுவரில் படிந்தால் போகாது. கோல்ட் பைரோ என்று வெளிச்சப் பொறி பறக்கவிடுகிறீர்களே, தேக்கு விதானத்துக்குக் கீழே அது வேண்டவே வேண்டாம். ஆத்தங்குடிக் கல், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையில் சுட்ட டைல் அல்ல, மஞ்சள் தண்ணீர் இறங்கினால் கறை தங்கிவிடும். ஹல்தி வைக்கப் பிள்ளைகள் ஆசைப்பட்டால் பின்கட்டுக்கு வெளியே, கிணற்றடியில் வையுங்கள். அங்கே ஒளியும் நன்றாக இருக்கும். லைட் ஸ்டாண்டின் காலுக்கு ரப்பர் குல்லா மாட்டுங்கள். ஆணி அடிக்க வருகிற அலங்காரக்காரரை நீங்களே தடுங்கள். உங்கள் பேச்சை அவர் கேட்பார், நல்ல படம் வர வேண்டும் என்ற கவலை அவருக்கும் உண்டு.

டிரோன் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளும், 250 கிராம் கணக்கும், பதிவும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த விதிகளில் எழுதாத ஒன்று இருக்கிறது. வளவு என்பது தெருவில் இருந்து யாருக்கும் தெரியாத இடம். அதற்கு மேலே வானம் மட்டும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பெண்கள் அங்கே தலை உலர்த்துகிறார்கள், வற்றல் காயவைக்கிறார்கள், மதியம் தாழ்வாரத்தில் முந்தானையை விரித்துப் படுக்கிறார்கள். உங்கள் டிரோன் எங்கள் வீட்டுக் கல்யாணத்தை எடுக்க ஏறும்போது சுற்றியுள்ள வீடுகளின் வளவுகளும் அதன் கண்ணில் படுகின்றன. பறக்கவிடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்து வீட்டிலும் போய் நேரத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். ஐந்து நிமிட வேலை. பத்து நிமிடத்துக்கு மேல் மேலே வைத்திருக்காதீர்கள்.

குரூப் போட்டோவைப் பழைய காலத்து வழக்கம் என்று ஒதுக்கிவிட்டீர்கள். அதை மறுபடி எடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். கிழக்குப் பார்த்த வீடு என்றால் மாலை நாலரை மணிக்கு முகப்பு முழுக்க நிழல். மேற்குப் பார்த்தது என்றால் காலை எட்டுக்குள். பெரியவர்கள் நாற்காலியில், பிள்ளைகள் தரையில், மற்றவர்கள் படியில். முகப்புத் தூண்களையும் சேர்த்து 35 மி.மீ.யில் எடுங்கள். இத்தனை பேரும் மறுபடி ஒரே இடத்தில் கூடுவது எந்த ஆண்டோ தெரியாது. எடுத்து முடித்ததும் ஒரு பொடியனைக் கூப்பிட்டு, இடமிருந்து வலமாக வரிசையாகப் பெயர் சொல்லச் சொல்லிப் போனில் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பெயர்களை ஆல்பத்தின் கடைசித் தாளில் அச்சிடுங்கள். வீட்டு விலாசம், ஊர், கோயில், தேதி, எடுத்தவர் பெயர் எல்லாம் அதே தாளில் வரட்டும். ஆல்பம் வடிவமைப்பவருக்கு அது அரை மணி நேர வேலைதான்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பெயர் இல்லாத படங்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்த்துவிட்டேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. இடித்த வீடுகளின் தூணும் நிலையும் எனாமல் பாத்திரமும் அங்கே விற்பனைக்கு வரும். அவற்றோடு சட்டம் போட்ட குடும்பப் படங்களும் வரும். நாற்காலியில் கோட்டு போட்ட ஒருவர், பக்கத்தில் நகை பூட்டிய ஒரு பெண், பின்னால் ஸ்டூடியோ திரை. பங்காளிகளுக்குள் வீட்டைப் பிரிக்கும்போது, இது யார் என்று கேட்டிருப்பார்கள். யாருக்கும் தெரிந்திருக்காது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெறும் அட்டை. வாங்குகிறவர் தேக்குச் சட்டத்துக்காக வாங்குகிறார். யாரோ ஒருவருடைய அப்பத்தாவும் ஐயாவும் சட்டத்தோடு சேர்ந்து விலைபோகிறார்கள்.

கேமரா இந்த மண்ணுக்குப் புதிது அல்ல என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்துக் கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போய்ப் புகைப்படக்கலை படித்தார். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கில் இருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. பல நாடுகளுக்கு அலைந்து, யார் யாரோ எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-இல் அந்த ஆவணப்படத்தை வெளியிட்டார். அந்தப் படத்தில் பாதி, முகம் தெரியாத ஒளிப்பதிவாளர்களின் உழைப்பு. அவர்கள் எடுத்ததோடு நிறுத்தாமல் பத்திரப்படுத்தியும் வைத்ததால் செட்டியாருக்குக் கிடைத்தது. ஏவி. மெய்யப்பன் 1940களில் காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ வைத்து நடத்தியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்; ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம். அந்த வரிசையில்தான் நீங்களும் கேமராவோடு வருகிறீர்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

கொடுக்கும்போது பென்டிரைவை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஐந்தாறு வருடத்தில் அது எந்த மேசை இழுப்பறையில் கிடக்கிறது என்றே தெரியாது. தெரிந்தாலும் திறக்குமா என்பது சந்தேகம். நல்ல தாளில் இருபது படங்களை அச்சிட்டு, பின்பக்கம் மெல்லிய பென்சிலால் பெயரும் தேதியும் எழுதி, ஓர் உறையில் போட்டு, இது இந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிக் கொடுங்கள். பெண்ணுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. செலவைப் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். கல்யாணத்துக்கு இவ்வளவு செலவு செய்கிற வீட்டார் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக ஓர் அழைப்பு. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, உங்கள் கேமராக்களுக்கும் வேலை குறைவு. அந்த மாதத்தில் உங்களால் முடிந்த ஒரு நாள் எங்கள் ஊருக்கு வாருங்கள். சுவரில் தொங்கும் பழைய குடும்பப் படங்களை, அவற்றில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய ஆச்சிமார் இருக்கும்போதே படியெடுத்து வைக்க நினைக்கிறோம். ஒரு முக்காலி, ஒரு மேக்ரோ லென்ஸ், இரண்டு பக்கமும் 45 பாகையில் வைக்க இரண்டு எல்இடி விளக்குகள், கேமராவுக்கு முன்னால் பிடித்துக்கொள்ள லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட ஒரு கறுப்புத் துணி இருந்தால் கண்ணாடிக்குள் எதிரொளி விழாமல் எடுத்துவிடலாம். சட்டத்தில் இருந்து படத்தைக் கழற்ற வேண்டாம், பல படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருக்கின்றன. ஒருவர் படமெடுக்க, ஒருவர் ஆச்சி சொல்லும் பெயரையும் உறவுமுறையையும் நோட்டில் எழுத, ஒருவர் குரலைப் பதிவுசெய்ய என்று மூன்று பேராக வந்தால் வசதி. சாப்பாடு எங்கள் பொறுப்பு. மதியம் சாப்பிட்டதும் ஆச்சிமார் கொஞ்சம் கண்ணயர்வார்கள், அதனால் காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
நாட்டரசன்கோட்டையில் இருந்து
உங்கள் தொழிலில் மூத்த ஒருவன்